மலரில் இடம்பெறாத தோழர்கள்

எமது பழைய மாணவர் சங்கங்கள் மலர் வெளியிடுகின்றன. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்று, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வெளியிடுகின்றன. அவற்றில் வகுப்புத் தோழர்களின் செய்திப் பக்கத்தையே எல்லோரும் முதலிற் புரட்டுகின்றனர். இன்னார் டாக்டர், இன்னார் பொறியியலாளர், இன்ன நகரம், பிள்ளைகள் இத்தனை பேர். படித்து மகிழ்கின்றோம், மகிழ வேண்டியதுமே. 1970களின் தரப்படுத்தலும் 1983 ஆடிக் கலவரமும் சிதறடித்த தலைமுறை, தான் உயிரோடிருப்பதைத் தன் தோழருக்கு அறிவிக்கும் பக்கம் அது.

ஆயினும் நாற்பது பேர் கற்ற வகுப்பென்றால் இருபத்தைந்து பேரின் செய்தியே அங்கு வருகின்றது. எஞ்சியோர் எங்கே? போர் சிலரைக் கொண்டுபோயிற்று. மற்றையோர் எங்கும் போகவில்லை. நீர்வேலியிலும் உரும்பிராயிலும் செம்பாட்டு மண்ணில் வாழையும் வெங்காயமும் செய்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் செய்தி அனுப்புவதில்லை, கேட்பாருமில்லை. பதவியும் நகரமும் இல்லாதவனுக்குச் சொல்லச் செய்தி என்ன இருக்கின்றது என்பதுதான் எமது சமூகத்தின் எண்ணம்.

இவ்வெண்ணம் நேற்று வந்ததன்று. 1823 இல் அமெரிக்க மிசன் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855 இல் மூடப்பட்டபோது, மாணாக்கர் ஆங்கிலம் கற்று உத்தியோகத்துக்கே விரைகின்றனர் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. குற்றச்சாட்டு முற்றும் பொய்யென்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் அதே செமினறியின் பிள்ளைகள் இருவர், சுதுமலைக் கரோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பட்டதாரிகளாயினர்.

இன்றைய மலர்க் குழு தாமோதரம்பிள்ளையைப்பற்றி என்ன எழுதும்? சென்னையில் அரசாங்க உத்தியோகம். 1871 இல் பி. எல்.; ஓய்வின்பின் கும்பகோணத்தில் வழக்கறிஞர்; பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதி; ராவ்பகதூர். அத்தனையும் உண்மை. அவற்றுக்காக அவரை இன்று நினைப்பார் யார்? செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினாரே, அதற்காகவே நினைக்கின்றோம். விசுவநாதபிள்ளையோ பட்டம் பெறுவதற்கு முன்னரே, 1855 இல், வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கியவர். (கணிதத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்று ஐயுறும் பெரியோர் கவனிப்பார்களாக.)

பட்டத்தையும் பதவியையும் மட்டும் கேட்டால் இந்த இருவரைப்பற்றியே முக்கியமானதை அறிந்திருக்க மாட்டோம். கமக்காரத் தோழனைப்பற்றி எங்ஙனம் அறிவோம்? 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது அவன் பயிரை எப்படிக் காத்தான்? சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. எமது நிலத்தடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக ஓரிடத்து அழுக்கு அடுத்த கிணற்றுக்குப் பரவுகின்றது. அந்த நீரை இறைப்பவனும், நீரைச் சோதிக்கும் கலையை வெளிநாட்டில் தொழிலாகக் கொண்டவனும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாக இருக்கலாம். ஒருவனுடைய விலாசம் மற்றவனிடம் இல்லை. மண்டபத்துக்குப் பணம் திரட்டும் சங்கங்கள் இந்த இரு விலாசங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் அதற்குச் செலவு எவ்வளவு ஆகும்?

அடுத்த மலருக்கு விபரம் திரட்டும் செயலாளர்கள் மின்னஞ்சலோடு நில்லாது, ஊருக்கொருவராகச் சைக்கிளில் ஏறித் தோட்டப் பக்கமும் போய்வரட்டும். பதவி எதுவென்று வினவாமல், இத்தனை ஆண்டும் என்ன செய்தாய் என்று வினவட்டும். காலையில் இறைப்பு இருக்கும். மாலையிற் போவது நல்லது.