தேர்தல் முறையை மாற்றத்தான் வேண்டுமா?



"இலங்கையின் தேர்தல் முறை மாற்றப்பட வேண்டும்" என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய தலைப்பன்று. வாக்குரிமை வயதாகிய 18 ஐ நீங்கள் அடைய இன்னும் ஓரிரு ஆண்டுகளே உள்ளன. அன்று நீங்கள் இடும் புள்ளடிக்கு எவ்வளவு பெறுமதி என்பதைத் தேர்தல் முறையே தீர்மானிக்கும். எனவே இரு பக்க நியாயங்களையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

முன்னர் நம் நாட்டில் இருந்தது தொகுதிவாரி முறை. ஒரு தொகுதியில் கூடிய வாக்குகளைப் பெற்றவர் வெற்றி பெறுவார். ஏனையோருக்கு விழுந்த வாக்குகளால் பயன் இல்லை. 1977 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, 168 ஆசனங்களில் 140 ஐக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 சதவீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பது நியாயமா?

இக்குறையை நீக்க 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையைக் கொண்டுவந்தது. 1989 இல் முதலாவது பொதுத் தேர்தல் அம்முறையில் நடைபெற்றது. இன்று 225 உறுப்பினர்களில் 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் தெரிவாகின்றனர்.

இங்கே வெட்டுப்புள்ளியைக் கவனியுங்கள். ஒரு மாவட்டத்தில் குறித்த சதவீத வாக்கைப் பெறாத கட்சிக்கு அங்கு ஆசனம் இல்லை. முதலில் 12.5 சதவீதமாக இருந்த இது, 1988 இல் 15 ஆவது திருத்தத்தின் மூலம் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதன் பெறுமதியை நம் மாவட்டத்திலேயே காணலாம். 2024 இல் திகாமடுல்லவின் 7 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 4 ஐப் பெற்றது. இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், அகில இலங்கை மக்கள் காங்கிரஸ் ஆகியன தலா ஒன்றைப் பெற்றன. பழைய 12.5 சதவீதம் நீடித்திருந்தால் இம்மூன்றும் ஆசனக் கணக்கிலேயே சேர்ந்திரா.

ஆயினும் இம்முறையிலும் குறைகள் உண்டு. ஒரு வேட்பாளர் மருதமுனை முதல் பாணமை வரையும், உள்நாட்டில் மகாஓயா வரையும் வாக்குக் கேட்க வேண்டும். செலவு மிகுதி, பணம் இல்லாதவர் பின்தங்குவார். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சியினர் தமக்குள் மோதுகின்றனர். ஊரின் குறைக்கு யாரிடம் முறையிடுவது என்பதும் தெளிவில்லை. மேலும், இம்முறை தானாகப் பாதுகாப்புத் தராது. 2020 இல் தமிழ் வாக்குகள் முக்கியமாக இரு பட்டியல்களிடையே பிரிந்ததால் இம்மாவட்டத்திலிருந்து தமிழர் எவரும் தெரிவாகவில்லை. மாறாக, பழைய முறையில் 1977 இல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த பொத்துவிலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் தெரிவாகினர்.

இதிலிருந்து விளங்குவது என்ன? முறையின் பெயரைவிட வெட்டுப்புள்ளி, தொகுதி எல்லை, ஆசன எண்ணிக்கை ஆகிய நுணுக்கங்களே முக்கியமானவை.

இரண்டையும் கலந்தால் என்ன என்று சிலர் கேட்பர். 2018 உள்ளூராட்சித் தேர்தல் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்ற கலப்பு முறையில் நடைபெற்றது. வட்டாரத்துக்கு உறுப்பினர் கிடைத்தார். ஆனால் ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000 ஐத் தாண்டியது. பல சபைகளில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. மாகாண சபைகளின் கதை இன்னும் கசப்பானது. 2017 இல் கலப்பு முறைக்குச் சட்டம் திருத்தப்பட்டது. எல்லை நிர்ணய அறிக்கையையோ 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீங்கிற்று. புதியதற்கு எல்லைகள் இல்லை. 2017 இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு 2025 இலும் தேர்தல் நடைபெறவில்லை. முறையை மாற்றப் போய் வாக்களிக்கும் வாய்ப்பையே இழந்தோம்.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் இரு தடவை மக்களிடம் கேட்ட பின்னரே, 1996 இல் கலப்பு முறையில் முதல் தேர்தலை நடத்தியது. அங்கு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் உண்டு. ஆனால் மொத்த ஆசனங்களைக் கட்சிக்கு விழும் வாக்கின் விகிதமே தீர்மானிக்கிறது.

ஆகவே எமது கருத்து இதுவே: மாற்றம் வரலாம், ஆனால் விகிதாசாரம் குன்றக் கூடாது, 5 சதவீத வெட்டுப்புள்ளி உயரக் கூடாது, எல்லைகள் உடன்பாட்டோடு வரையப்பட்ட பின்னரே பழைய சட்டம் நீக்கப்பட வேண்டும்.

நீங்கள் இதற்கு உடன்பட வேண்டும் என்பதில்லை. மறுத்து எழுதினும் ஆண்டையும் எண்ணையும் காட்டி எழுதுங்கள். எந்தப் புதிய முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "அதில் சிறு தொகையினரின் வாக்கு ஆசனமாக மாறுமா?" என்று முதலில் கேளுங்கள். விடைத்தாளுக்கும் வாக்குச்சீட்டுக்கும் அக்கேள்வி உதவும்.