முதலாண்டில் எழுதச் சொல்லிக்கொடுங்கள்

 

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் பொறியியல் முதலாண்டு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்திருந்தும், முழுக் கல்விக் கட்டணத்தையும் கட்டச் சொல்லிவிட்டார்களாம். "முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க ஐயா" என்றார் அப்பா. "அவனே எழுதட்டும்" என்றேன்.

பிளஸ் டூ தமிழில் 94 வாங்கிய பையன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டான். "மதிப்பிற்குரிய ஐயா" என்பதற்குப் பிறகு பேனா நகரவில்லை. கால் மணி நேரம் கழித்து, "போன்ல சாட்ஜிபிடி கிட்ட கேட்டுக்கட்டுமா தாத்தா?" என்றான். கேள் என்றேன். வந்த கடிதத்தில் பிழையே இல்லை. குடும்பச் சூழலைக் கருணையோடு பரிசீலிக்கச் சொல்லியிருந்தது. ஆனால் சான்றிதழை எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தான், எவ்வளவு கட்டச் சொன்னார்கள், இப்போது அவனுக்கு என்ன வேண்டும் என்ற எதுவும் அதில் இல்லை. அவன் சொல்லாததை அது எப்படி எழுதும்? அரசு தந்த சலுகையைக் கேட்க வேண்டிய கடிதம் இரக்கம் கேட்கிற கடிதமாகிவிட்டது.

பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு நான் செய்தது என்ன? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினீர்கள், மனப்பாடம் செய்தீர்கள், தேர்வில் இறக்கிவைத்தீர்கள். நானும் உட்தலைப்புக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண் போட்டேன். வகுப்பில் 50 பேரும் ஒரே மாதிரி பொங்கல் கொண்டாடியதாக எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பள்ளியில் விட்டதைக் கல்லூரி முதலாண்டில் பிடிக்கலாம். கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் இருக்கின்றன. பொறியியலில் 2022 முதல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற தாள்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான், ஒன்றும் எடுக்க வேண்டாம். ஆனால் தேர்வு என்று வந்தால் பெரும்பாலும் படித்ததைத் திருப்பி எழுதும் வேலைதான். தான் பார்த்ததையும் நினைத்ததையும் எழுதிப் பழக எங்கே நேரம்?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1885-லேயே எழுத்துப் பயிற்சியை முதலாண்டுக் கட்டாயப் பாடமாக்கியது. சேருகிற பையன்களுக்கு எழுத வரவில்லை என்ற இதே புலம்பல்தான் அங்கும் காரணம். இன்று அந்த நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இப்படி ஒரு பாடம் உண்டு. மாணவர் எழுதுவார், ஆசிரியர் குறை நிறை குறிப்பார், மாணவர் மறுபடி எழுதுவார். அந்த 'மறுபடி'தான் முக்கியம். நம் பிள்ளைகள் திருத்திய தாளில் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

"60 பேர் தாளை வாரா வாரம் யார் திருத்துவது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் கட்டுக் கட்டாகத் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். வாரம் ஒரு மணி நேரம், வகுப்பிலேயே, கையால், ஒரு பக்கம் எழுதட்டும். ஆசிரியர் வாரம் 10 தாளை மட்டும் முழுதாகப் படித்தால் போதும். மற்றவர்கள் தாளை மாற்றிக்கொண்டு, 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்று குறிக்கட்டும். 15 வாரப் பருவத்தில் ஒவ்வொருவர் தாளும் இரண்டு முறையாவது ஆசிரியர் கண்ணில் படும். மதிப்பெண்ணைத் திருத்தி எழுதியதற்குப் போடுங்கள்.

அந்தப் பையனிடம் கடைசியில் போனை வாங்கி வைத்துவிட்டு, "என்னடா நடந்தது, வரிசையாச் சொல்லு" என்றேன். சொன்னான். "இதையே எழுது" என்றேன். மூன்றாவது முறை எழுதியது எட்டே வரி. தேதி, தொகை, சான்றிதழ் நகல், கோரிக்கை எல்லாம் இருந்தன. பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த கடிதத்தையும் அவனே எழுதுவான்.

உங்களில் கல்லூரியில் பணியாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். இந்தப் பருவத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா