முதற் கேள்வியை மாற்றுவோம்

நுரையீரற் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் உற்றார் உறவினர் கேட்கும் முதற் கேள்வி, "புகை பிடிப்பாரா?" என்பதே. நாற்பது வயதைத் தாண்டாத, ஒருநாளும் புகைத்தறியாத ஒருவரிடம் இக்கேள்வி எழும்போது, நோயின் சுமையோடு பழியின் சுமையும் ஏறுகிறது. புகைத்தவராயினும் அவருக்கும் பரிவும் சிகிச்சையும் உரியனவே. எனவே குடும்பத்தார் கேட்க வேண்டிய முதற் கேள்வி வேறு என்பது எங்கள் கருத்து: "கட்டியில் மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா?"

காரணம் இதுதான். இளவயதினரின் நுரையீரற் புற்றுநோய் பெரும்பாலும் அடினோகார்சினோமா வகையைச் சார்ந்தது. ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1 ஆகிய மரபணு மாற்றங்கள் மூத்தோரைவிட இளையோரிடமே மிகுதியாகக் காணப்படுகின்றன. இவை பொதுவாகப் பெற்றோர் வழி வந்த குறைகள் அல்ல. புற்றணுக்களில் பின்னர் தோன்றியவை.

ஏ.எல்.கே. மாற்றத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் வெளிப்படுத்தினர். அதற்கான முதல் மாத்திரைக்கு 2011இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பின்னர் வந்த லோர்லாடினிப் மாத்திரையை முதற் சிகிச்சையாகப் பெற்ற, நோய் முற்றிய நிலையிலிருந்தவர்களின் ஐந்தாண்டு முடிவுகள் 2024இல் வெளியாயின. ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் நோய் பெருகாமல் வாழ்ந்தோர் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர். முதல் மாத்திரையைப் பெற்றோரில் அது 8 விழுக்காடே. மாற்றத்தைக் கண்டறியாதவருக்கு இப்பயன் கிட்டாது.

பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். "இன்றே மருந்தைத் தொடங்குங்கள்" என்று குடும்பத்தார் துடிப்பதை நாங்கள் அறிவோம். மூச்சுத் திணறல் போன்ற நெருக்கடி இருப்பின் மருத்துவர் காத்திராமல் கீமோதெரபியைத் தொடங்குவது முறையே. நெருக்கடி இல்லாதபோது, சரியான மருந்துக்காகக் காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. திசு போதவில்லையெனில் இரத்தத்திலும் பரிசோதிக்க இயலும்.

உண்மையில் வீணாகும் காலம் வேறிடத்தில் உள்ளது. இளையவரின் நீடித்த இருமலைக் காசநோய் என்று கருதி, சளியில் கிருமி காணப்படாத நிலையிலும் மாதக்கணக்கில் மருந்து தொடர்வதுண்டு. மருந்துக்கு இருமல் தணியவில்லையெனில், அல்லது சளியில் இரத்தம் கண்டால், சி.டி. ஸ்கேனும் தேவையாயின் திசுப் பரிசோதனையும் கேளுங்கள்.

மிகைப்படுத்தவும் நாங்கள் விரும்பவில்லை. பரவிய நோயை இம்மாத்திரைகள் பெரும்பாலும் அடக்கி வைக்கின்றனவே அன்றி, வேரறுப்பதில்லை. உடல்நலம் தேறியதாகத் தோன்றினாலும் தாமாக நிறுத்தலாகாது. குழந்தைப்பேறு பற்றிய எண்ணம் இருப்பின் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். செலவு மலைப்பூட்டினால், மருந்தைக் கைவிடுமுன் மருத்துவச் சமூகப் பணியாளரை அணுகுங்கள்.

இளம் நோயாளிக்கு இன்னும் வளர்க்க வேண்டிய பிள்ளைகள் உண்டு. பார்க்க வேண்டிய பெற்றோர் உண்டு. அவர் இழந்த நாள்களைப் பற்றி விசாரிப்பதைவிட, பெறக்கூடிய ஆண்டுகளைப் பற்றி வினவுவதே அன்புடையார்க்கு அழகு.