பனி உருகினால் பாதை திறந்துவிடுமா?

"கப்பலெல்லாம் இனி வட துருவத்தால போகுமாமே, நம்மட துறைமுகம் படுத்துடுமா நானா?" புறக்கோட்டையில் ஒரு வியாபாரி என்னிடம் கேட்டார்.

நியாயமான பயம்தான். யோக்கோஹாமாவிலிருந்து ரொட்டர்டாமுக்கு சுயஸ் வழியாக ஏறத்தாழ 11,000 கடல்மைல். ரஷ்யாவின் வடகரையோரமாகப் போனால் 7,000 சொச்சம். ஆர்க்டிக்கின் கோடைப் பனியும் குறைகிறது. 1980களில் செப்டெம்பரில் சுமார் 70 இலட்சம் சதுர கிலோமீற்றர் இருந்தது. 2012இல் 34 இலட்சமாக இறங்கியது. 2018இல் பெரிய கொள்கலன் கப்பலொன்றும் அவ்வழியால் போய்ப் பார்த்தது.

ஆனால் நாம் பார்க்க வேண்டியது காற்றை. பழைய தடித்த பனி காற்றுக்கு இலேசில் அசையாது. இப்போதைய மெல்லிய பனி உடைந்து நகர்கிறது. காற்று அதைக் குறுகிய நீரிணையில் கொண்டுபோய்க் குவித்தால் பாதை அடைபடும். பனி விலகிய இடத்திலோ அலை பெரிதாகிறது. 2021 நவம்பரில் கடல் முந்தி உறைந்ததால் இருபதளவு கப்பல்கள் அங்கே சிக்கின. பனியுடைப்புக் கப்பல்களின் உதவி தேவைப்பட்டது.

பெருநாளுக்கு வரவேண்டிய துணி பெருநாள் கழிந்து வந்தால், தூரம் குறைந்து என்ன லாபம்? கொள்கலன் வியாபாரத்தின் உயிரே நாள் தவறாமைதான். கொழும்பில் கப்பல் மாறும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவோடு சம்பந்தப்பட்டது. அது வட துருவத்தால் போகப்போவதில்லை.

அதற்காக நாம் தூங்கிவிடவும் கூடாது. 2023 இறுதியில் செங்கடலை விட்டுக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றின. பாதை மாறும். வேகமும் கட்டணமும் சரியாக இருக்கும் துறைமுகத்தில்தான் கப்பல் நிற்கும். நமது கவலை பனியைப் பற்றியல்ல, அதைப் பற்றியே இருக்கட்டும்.