மலை முகட்டுக்கு வேறு மழைமானி வேண்டும்

சுருளி அருவிக்கு வந்தவர்கள் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, குளிக்கத் தடை என்று வனத்துறை அறிவிப்பதுண்டு. மழை பெய்தது மேலே, மேகமலையில். பெரியகுளம் பக்கம் கும்பக்கரைக்கும் அப்படித்தான். அங்கே கொடைக்கானல் மலையில் பெய்த மழை இறங்கிவருகிறது. வெள்ளமோ காட்டுத் தீயோ, கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி நேரும் ஆபத்துகளுக்கு மலையில்தான் தொடக்கம். ஆகவே அளவெடுப்பும் அங்கே தொடங்க வேண்டும்.

தமிழகம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் சமவெளிக்குச் செய்த கருவியை அப்படியே முகட்டில் நட்டுவிட்டு வந்தால் அது தவறான கணக்கைத்தான் தரும்.

ஆடிக் காற்றில் முகட்டு மழை நேராக விழுவதில்லை. மழைமானியின் மீது மோதும் காற்று அதன் வாய்க்கு மேலே எழும்பி விரைகிறது. சிறு துளிகளையும் தன்னோடு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சாரல் அதிகமுள்ள இடத்தில் இந்த இழப்பு சிறியதல்ல. சுற்றிலும் காற்றுத் தடுப்புத் தகடுகள் வேண்டும். அல்லது மானியைக் குழிக்குள் இறக்கி, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். அடுத்தது உள்ளே இருக்கும் சாய்வுக் கிண்ணம். அது நிரம்பிச் சாயும் தடவைகளை எண்ணித்தான் மழையளவு கணக்காகிறது. மழை கொட்டித் தீர்க்கும்போது, கிண்ணம் சாய்கிற நொடிக்குள் விழும் நீர் எண்ணிக்கைக்கு வராது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது புனல் அடைப்பு. இலைச் சருகோ பூச்சிக் கூடோ அடைத்துக்கொண்டால், ஓடை பெருகும் வேளையிலும் திரையில் ‘0’ என்றே வரும். பழுதான கருவி பேசாமல் இருந்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். பூஜ்ஜியத்தை அனுப்பிக்கொண்டே இருந்தால், மழை இல்லை என்று நம்பி அருவியைத் திறந்துவிடுவார்கள்.

நாள்கணக்கில் மேகம் மூடினால் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பாது. முகட்டில் உயர்ந்து நிற்கும் கம்பத்தை இடி தேடிவரும்.

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் மலை உச்சியில் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவானது. பனி உறையாதபடி சூடேற்றிய காற்றுமானி அங்கே இருந்தது. அதோடு, உச்சியிலேயே தங்கியிருந்து அதைப் பார்த்துக்கொண்ட ஆட்களும் இருந்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் 1850-களிலேயே அகத்தியமலை உச்சியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். காடும் காட்டு விலங்கும் மழையும் சூழ்ந்த அந்த உச்சியில் கருவியை நிறுவுவதைவிட, ஆளை வைத்து அதைப் பராமரிப்பதுதான் பெரும்பாடு.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மேலே ஒரு காற்றுமானி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் தீ ஆள் ஓடுவதைவிட வேகமாக ஏறும். பாதையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவருக்கு அந்தச் சரிவின் காற்றும் ஈரப்பதமும் அன்று காலையே தெரிந்தாக வேண்டும். அடிவாரத்துப் போடியில் எடுத்த அளவு போதாது.

மேகமலையிலும், குரங்கணிக்கு மேலே உள்ள கொழுக்குமலையிலும் இடத்துக்கு இரண்டு மழைமானிகள் அருகருகே வைக்க வேண்டும். ஒன்று அடைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். தேயிலைத் தோட்டங்களில் மழையளவு குறிக்கும் வழக்கம் பழையது; அந்தக் குறிப்பேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தோட்டத்திலேயே வசிக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வாரந்தோறும் புனலைச் சுத்தம் செய்யச் சொல்லலாம். அந்தச் சம்பளம் கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதமும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், ஒவ்வொரு மானியிலும் அளந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்து, அது காட்டிய கணக்கை மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும்.

- கட்டுரையாளர், வானிலைக் கருவிப் பொறியாளர்.