சிங்கம் செத்த பிறகு நாய்க்கு ஊசி

நம்ம நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் பிள்ளை விழுந்த பிறகுதான் சுற்றுச்சுவர் கட்டுவோம். கட்டிவிட்டு அதற்கு ஒரு திறப்பு விழாவும் வைப்போம். இந்தப் பதிவு அப்படி ஒரு சுற்றுச்சுவரைப் பற்றித்தான்.

2018 செப்டம்பர். குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா வனச்சரகப் பகுதியில், சுமார் மூன்று வாரத்துக்குள் 23 சிங்கங்கள் செத்துப் போயின. உலகத்திலேயே ஆசியச் சிங்கம் காட்டில் சுற்றுவது அந்த ஒரு வட்டாரத்தில்தான். அதிகாரிகள் முதலில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? "சிங்கங்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டன." பிறகு மாதிரிகள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போயின. விடை வந்தது: கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். கூடவே உண்ணி கடித்துப் பரவும் பபீசியா என்ற ஒட்டுண்ணி.

கேனைன் என்றாலே நாய்தான். பெயரிலேயே முகவரி இருக்கிறது!

டிஸ்டெம்பர் தட்டம்மை வைரஸின் சொந்தக்காரன். இருமல், தும்மல், சளி, எச்சில் வழியாகப் பரவும். காய்ச்சல், மூக்கில் சளி, வயிற்றுப்போக்கு, கடைசியில் வலிப்பு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இது அடித்து நொறுக்கிவிடும். சாதாரணமாகச் சிங்கத்தை ஒன்றும் செய்யாத பபீசியா மாதிரி ஆட்கள் அந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்து வேலையை முடித்துவிடுவார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. வருமுன் காக்கத் தடுப்பூசி மட்டும் உண்டு.

இதெல்லாம் 2018-ல் திடீரென்று தெரிந்த விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1994-லேயே தான்சானியாவின் செரங்கெட்டியில் இதே வைரஸ் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொண்டுபோனது. இருந்த மூவாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு! பூங்காவை ஒட்டிய கிராமங்களில் தடுப்பூசி போடாத நாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆராய்ச்சியாளர்களின் விரல் அங்கேதான் நீண்டது. எத்தியோப்பியாவின் பேல் மலைகளில் வாழும் ஓநாய்களின் கதை இன்னும் மோசம். மொத்தமே 500-க்கும் குறைவாக இருக்கிற இனம் அது. மேய்ச்சலுக்கு மாடு ஓட்டி வருகிறவர்களோடு வரும் நாய்களிடமிருந்து ஒருமுறை ரேபிஸ், இன்னொருமுறை டிஸ்டெம்பர் என்று திரும்பத் திரும்ப அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

அதே 1994-ல் இன்னொன்றும் நடந்தது. அண்டார்டிகாவில் பனிச்சறுக்கு வண்டி இழுத்துக்கொண்டிருந்த கடைசி நாய்களையும் ஏப்ரலுக்கு முன் வெளியேற்றினார்கள். ஒரு முக்கியக் காரணம், நாயின் டிஸ்டெம்பர் அங்குள்ள சீல்களுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம். மனிதக் குடியிருப்பே இல்லாத கண்டத்துக்கு 1994-ல் தெரிந்த விஷயம், சிங்கத்தைச் சுற்றி ஊர் ஊராக இருக்கிற கிர் காட்டுக்கு 2018 வரை ஏன் தெரியவில்லை?

தெரியாமல் இல்லை. கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பி.காம். படிக்கிறவருக்குச் சிங்கத்தோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் பதில். எங்கள் பாடத்தில் 'புறச்செலவு' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். சாயப்பட்டறைக்காரர் துணிக்குச் சாயம் போட்டு லாபம் பார்ப்பார். கழிவு ஆற்றில் போகும். கீழே இருக்கிற விவசாயி நஷ்டப்படுவார். அந்த நஷ்டம் பட்டறையின் லெட்ஜரில் எந்தப் பக்கத்திலும் வராது. காட்டோர நாய்க்குப் போடாத ஊசியும் அப்படித்தான். நாய் பஞ்சாயத்தின் பொறுப்பு. ஊசி கால்நடைத் துறையின் பொறுப்பு. சிங்கம் வனத்துறையின் பொறுப்பு. ஊசிக்குச் செலவு செய்ய வேண்டியவர் வேறு, செய்யாவிட்டால் நஷ்டப்படுகிறவர் வேறு. ஆக, மூன்று பேர் கணக்கிலும் அந்தச் செலவு வராது. வைரஸுக்கு மட்டும் இந்த இலாகா எல்லை எதுவும் கிடையாது.

சட்டமாவது பார்க்கிறதா? தெருநாய்க்கு என்று இருக்கிற விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் (2001-ல் வந்தது, 2023-ல் திருத்தி எழுதினார்கள்) கருத்தடை செய், ரேபிஸ் ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்கின்றன. ரேபிஸ் மனிதனைக் கொல்லும், அதனால் அது கண்ணில் படுகிறது. டிஸ்டெம்பர் மனிதனை ஒன்றும் செய்யாது. நமக்கு வராத நோய், நமக்குத் தெரியாத நோய்!

2018-ல் என்ன செய்தார்கள்? அமெரிக்காவிலிருந்து அவசரமாக 300 டோஸ் தடுப்பூசி வரவழைத்து, பிடித்து வைத்த சிங்கங்களுக்குப் போட்டார்கள். சுற்றுவட்டார நாய்களுக்கும் அப்போதுதான் ஊசி நினைவுக்கு வந்தது. காட்டுச் சிங்கத்தைத் தேடிப் பிடித்து, மயக்கி, ஊசி போட்டு, திரும்ப ஒருமுறை போடுவதற்கு எத்தனை ஆள், எத்தனை வண்டி, எத்தனை நாள்! ஊருக்குள் படுத்திருக்கிற நாய்க்குப் போட ஒரு கால்நடை உதவியாளரும் ஒரு பொறை பிஸ்கட்டும் போதும். எது மலிவு என்று சொல்ல காஸ்ட் அக்கவுண்டன்ட் தேவையில்லை.

இங்கே இரண்டு கோஷ்டிகள் சண்டைக்கு வருவார்கள். முதல் கோஷ்டி, "அப்படியானால் நாய்களை எல்லாம் கொன்றுவிட வேண்டியதுதானே?" என்பார்கள். ஐயா, காலியான இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வரும். அதுவும் ஊசி போடாத நாயாகத்தான் இருக்கும். குப்பையும் செத்த மாட்டின் உடலும் வெளியில் கிடக்கிறவரை நாய் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த மாட்டு உடலுக்குச் சிங்கமும் வரும் என்பதுதான் ஆபத்தே.

இரண்டாவது கோஷ்டி, "பாவம் வாயில்லா ஜீவன், நாய் மேல் பழி போடாதீர்கள்" என்பார்கள். நாய் மேல் யார் பழி போட்டது? டிஸ்டெம்பரில் முதலில் துடித்துச் சாவது நாய்க்குட்டிதானே! நாய்க்குப் பிஸ்கட் மட்டும் போட்டுவிட்டு ஊசி போடாமல் விடுவது பாசத்தில் சேராது.

விஷயம் தெரிந்தவர்கள் வைக்கும் ஒரு வாதம் மட்டும் நியாயமானது. இந்த வைரஸ் நரி, கழுதைப்புலி போன்ற காட்டு விலங்குகளுக்குள்ளும் சுற்றுகிறது. ரஷ்யாவின் அமூர் புலிகளுக்கு முக்கியமாக அப்படிக் காட்டு விலங்குகளிடமிருந்துதான் வந்தது என்று 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. செரங்கெட்டியில் நாய்களுக்கு ஊசி போட்ட பிறகும் சிங்கங்களுக்குத் தொற்று முழுதாக நிற்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஊசி மட்டும் போதாது என்கிறேன். ஊசியே வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது. ஓட்டையான கூரைக்கு ஓலை போட்டால் எல்லா மழையும் நிற்காதுதான். அதற்காக ஓலையே போடாமல் இருப்போமா?

ஊசிக்கு மேல் என்ன வேண்டும்? முதலீட்டுப் பாடத்தின் முதல் விதி: இருக்கிற பணத்தை எல்லாம் ஒரே பங்கில் போடாதே. சிங்கங்களில் ஒரு பகுதியை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவு போட்டது. ஆறு மாதம் கெடு. ஒரே இடத்தில் இருந்தால் ஒரு கொள்ளைநோயில் மொத்தமும் போய்விடும் என்பது அப்போதே சொன்ன வாதம். ஐந்து வருடம் கழித்து நோயும் வந்துவிட்டது. சிங்கம் மட்டும் போகவில்லை. 2022-ல் குனோவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுத்தைப் புலி, அதாவது சீட்டா, விமானத்தில் வந்து இறங்கியது! குஜராத்திலேயே இருக்கிற பர்டா சரணாலயத்தை இப்போது இரண்டாவது வீடு என்கிறார்கள். 2025 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவை 17. அதுவும் அதே சௌராஷ்டிரம்தான்.

அந்தக் கணக்கெடுப்பில் மொத்தச் சிங்கங்கள் 891. 2015-ல் 523. சந்தோஷமான வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் சரணாலயத்துக்கு வெளியே, வயல்களிலும் ஊர் ஓரங்களிலும் வாழ்கின்றன. அதாவது நாய்களுக்குப் பக்கத்தில். எண்ணிக்கை கூடக் கூட வைரஸுக்கும் வழி கூடுகிறது. சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் பொறுப்புப் பக்கத்தை மறைத்தால் அதற்குப் பெயர் பேலன்ஸ் ஷீட் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு சரணாலயத்தின் ஆண்டு பட்ஜெட்டிலும் ஒரே ஒரு வரி: 'சுற்றுக் கிராம நாய்களுக்கு டிஸ்டெம்பர், பார்வோ, ரேபிஸ் தடுப்பூசி மற்றும் கருத்தடை'. ஒருமுறை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற முகாம் உதவாது. வருடா வருடம் புதுக்குட்டி பிறக்கிறது, வருடா வருடம் ஊசி வேண்டும். கிருக்கு மட்டுமில்லை. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் ஓரமெல்லாம் ஊர் இருக்கிறது, ஊரெல்லாம் நாய் இருக்கிறது, உள்ளே நாயின் நெருங்கிய சொந்தமான செந்நாய் இருக்கிறது. அங்கேயும் 23 உடல்களை எண்ணிய பிறகுதான் அந்த ஒரு வரியை எழுதப் போகிறோமா?