மறக்காத எழுத்து உண்டா?

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி விழித்தார்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு! குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த வேளையில் அறிவிப்புப் பலகையைத் தேடிப் படிக்க முடியுமா? முன்பு படித்தது மனத்தில் நின்றிருக்க வேண்டும். அம்மோனியா நீரில் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கை மூடவேண்டும். காற்றின் போக்கிலேயே ஓடாமல், குறுக்கே விலகிச் செல்லவேண்டும். இரண்டே சங்கதி.

படித்தது மறக்காதிருக்க எழுத்தின் வடிவமே உதவும் என்று சொன்னவர்கள் உண்டு. மெல்பர்ன் நகரத்து ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2018இல் 'சான்ஸ் ஃபர்கெட்டிகா' என்ற ஆங்கில அச்செழுத்தை வெளியிட்டது. எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆங்காங்கே துண்டு விடுபட்டிருக்கும். சிரமப்பட்டுப் படித்தால் மூளை கூடுதலாக உழைக்கும், நினைவும் ஊன்றும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2020இல் இங்கிலாந்து, நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 882 பேரிடம் நான்கு சோதனைகள் நடத்தி முடிவை வெளியிட்டார்கள். சிரமம் கூடியது, நினைவு கூடவில்லை.

தமிழில் இந்த வித்தை இன்னும் ஆபத்து. ணகரத்தில் ஒரு சுழி போனால் னகரம். 'இங்கே பணி நடக்கிறது' என்பது 'பனி நடக்கிறது' ஆகிவிடும். எண்ணூர் வெயிலில் பனி ஏது? ரகரத்தின் வாலை நறுக்கினால் துணைக்கால். புள்ளி உதிர்ந்தால் சொல்லே வேறு. உப்புக் காற்றில் பெயின்ட் உரியும் சுவர்களில் இதெல்லாம் தானாகவே நடக்கும். அதற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டியதில்லை.

நினைவுக்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாடத்தைப் பாராமல் சொல்லிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்ததும் பாராமல்தானே!

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகமும் ஆலைகளும் உடனே செய்யக்கூடிய காரியம் இது. அபாய அறிவிப்புகளைப் பெரிய, தெளிவான தமிழ் எழுத்தில் இரண்டு மூன்று வரிகளுக்குள் எழுதவேண்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியிலும் வேண்டும். உரிந்த பெயின்ட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பிறகு ஷிஃப்ட் தொடங்குமுன் ஆலை வாசலிலும், பள்ளியிலும், மீனவர் குப்பத்திலும் பலகையைக் காட்டாமல் கேட்கவேண்டும்: "வாடை வந்தால் எந்தப் பக்கம் போவீர்கள்?"